கோலப்புள்ளி முதல் நுங்கு வண்டி வரை: அந்தந்த மாதத்துக் கைவேலையில் கணக்கு

பொங்கல் வந்தால் வண்ணத்தாளில் பானை வெட்டி ஒட்டி, பானைக்குள் 3+2=5 என்று எழுத வைத்து, 'கைவேலை மூலம் கணக்கு' என்று போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது அநேகமாக எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பானை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பானைக்கும் அந்தக் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 3+2=6 என்று எழுதியிருந்தாலும் பானை அப்படியேதான் இருந்திருக்கும்.

நான் சொல்வது வேறு மாதிரிக் கைவேலை. எண்ணிக்கை தப்பினால் செய்கிற பொருளே காட்டிக்கொடுத்துவிட வேண்டும். கோலத்தில் ஒரு இதழ் குறையும், நட்சத்திரம் கோணும், தோரணத்தில் பூ இடம் மாறித் தெரியும். அப்போது பிள்ளை நம் முகத்தைப் பார்த்து 'டீச்சர் சரியா?' என்று கேட்காமல் தன் கையில் இருப்பதைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். எந்தக் கைவேலையை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கணக்கு தப்பானால் இது கெட்டுப்போகுமா? கெடாது என்றால் அது ஓவிய வகுப்புக்குப் போகட்டும், அதிலும் ஒன்றும் தப்பில்லை.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவது நமக்குப் பழகிவிட்டது. ஒரே கைவேலையை மூன்று நிலைக்கும் எப்படிக் கொடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துச் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும், சத்தம்தான் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. சாக்பீஸ், நூல், விளக்குமாற்றுக் குச்சி, பழைய நோட்டுத் தாள், தீப்பெட்டி, கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை. அப்புறம் சத்துணவுக் கூடத்தில் முட்டை வந்து இறங்கும் அட்டை. அந்த முட்டை அட்டையை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் சொல்லி வையுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கோலம், ஏனென்றால் இதில்தான் சரக்கு அதிகம். மார்கழி மாதம் தெருவெல்லாம் கோலமாக இருக்கும்போது செய்தால், பிள்ளை வரும் வழியிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். கோலமாவு வேண்டாம், கொட்டி விளையாடுவதிலேயே பீரியட் போய்விடும். தரையில் சாக்பீஸ் அல்லது சிலேட்டு போதும். இன்னொன்று, பையன்களைத் தனியாக வேறு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். புள்ளி வைப்பதும் எண்ணுவதும் எல்லாருக்கும்தான். எங்கள் வீட்டில் கோலம் போடமாட்டோம் என்று சொல்லும் பிள்ளை இருந்தால் 'புள்ளி விளையாட்டு' என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், வேலை ஒன்றுதான்.

நேர்ப்புள்ளியில் தொடங்குங்கள். 5 புள்ளி, 5 வரிசை. புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி என்று சொல்லிவிட்டால் ஸ்கேல் தேவையில்லை. முதல் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு 25 வரை எண்ணும். இரண்டாம் வகுப்பு, 5, 10, 15 என்று வரிசை வரிசையாகத் தாவும். மூன்றாம் வகுப்பு எண்ணாமலே ஐயைந்து இருபத்தைந்து என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும், அவர்களுக்கு அடுத்த வேலை இருக்கிறது.

அடுத்தது ஊடுபுள்ளி. சில ஊர்களில் இடைப்புள்ளி என்பார்கள். நடுவில் 5 புள்ளி வைத்துவிட்டு, அதற்கு மேல் வரிசையில் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைப்பதற்கு முன்னால் கேளுங்கள், 'அஞ்சு புள்ளிக்கு நடுவுல எத்தனை சந்து இருக்கு?' பாதிப்பேருக்கு மேல் 5 என்றுதான் சொல்வார்கள். தப்பென்று சொல்லாதீர்கள், வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாவது புள்ளிக்கு இடம் இருக்காது, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 5 புள்ளிக்கு 4 சந்து என்பது கையில் வந்துவிட்டால், பின்னாளில் வேலிக்கு எத்தனை கம்பம், ஐந்து மரத்துக்கு இடையில் எத்தனை இடைவெளி என்ற கணக்கெல்லாம் தடுமாறாது. பெரிய வகுப்பில் நிறையப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான்.

மேலே 4, 3, 2, 1 என்று போய் முடியும், கீழேயும் அதேபோல். வைரக்கல் மாதிரி ஒரு உருவம் வரும். இப்போது மொத்தம் எத்தனை என்று கூட்டச் சொல்லுங்கள்: 1+2+3+4+5+4+3+2+1. நீளமான கூட்டல், சின்னப் பிள்ளைகள் வழியில் தொலைந்துபோவார்கள், விரல் போதாமல் பக்கத்துப் பிள்ளையின் விரலை இரவல் வாங்குவார்கள். விடை 25. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். சதுரமாக வைத்தபோதும் 25, வைரமாக வைத்தபோதும் 25. எப்படி? யோசிக்க விடுங்கள். 5 புள்ளி 5 வரிசையை ஒரு தாளில் வைத்து, தாளின் ஒரு மூலை மேலே வருகிற மாதிரி சாய்த்துப் பிடிக்கச் சொன்னால், புள்ளிகள் மேலிருந்து கீழே 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1 என்று நிற்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் இவ்வளவும்.

மலர் நிலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் காட்டலாம். மேல் பக்கத்து 1ஐயும் கீழ்ப் பக்கத்து 4ஐயும் சேர்த்தால் 5. மேலே 2, கீழே 3, அதுவும் 5. மேலே 3, கீழே 2. மேலே 4, கீழே 1. நடுவில் ஏற்கெனவே ஒரு 5 இருக்கிறது. ஆக ஐந்து ஐந்து. இதே வேலையை 3 புள்ளிக்குச் செய்தால் 9, 4 புள்ளிக்கு 16, 6 புள்ளிக்கு 36 என்று வரும். 6 புள்ளியை வைக்காமலே சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வைத்து எண்ணிச் சரிபார்க்கட்டும், இந்த வரிசை முக்கியம்: முதலில் சொல்வது, பிறகு பார்ப்பது.

புள்ளியோடு விட்டால் அது கோலமாகாது, பிள்ளைகளும் விடமாட்டார்கள். கோடு போடும்போது இரண்டு பேரை ஜோடி சேர்த்து, ஒரு பிள்ளை இடது பாதியைப் போட, மற்றது அதைப் பார்த்து வலது பாதியைப் போடச் சொல்லுங்கள். சமச்சீர் என்ற சொல்லை நீங்கள் சொல்லும் முன்பே 'இது அந்தப் பக்கம் திரும்பியிருக்கணும்' என்று சண்டை ஆரம்பித்திருக்கும். வேண்டுமென்றே ஒரு புள்ளியை அழித்துவிட்டுக் கொடுத்தும் பாருங்கள். கோடு அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த வரிசையில் குறைகிறது என்று அவர்களே திரும்ப எண்ணுவார்கள்.

டிசம்பரில் கோலத்தோடு கூடவே நட்சத்திரமும் வரும், கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடுவார்களே, அது. விளக்குமாற்றுக் குச்சி ஐந்து, நூல், கலர் தாள். கையெடுக்காமல் நோட்டில் போடுவோமே ஐந்து கோட்டு நட்சத்திரம், அதே வடிவில் குச்சிகளை முனைக்கு முனை வைத்துக் கட்ட வேண்டும். இதில் அளவுதான் கணக்கு. முதலில் ஸ்கேலே கொடுக்காதீர்கள். 'ஆளுக்கு ஒரு குச்சி, ஒரு சாண் நீளத்துக்கு உடைச்சுக் கொண்டு வாங்க' என்று சொல்லி, ஐந்து பேர் கொண்டு வந்ததை ஒன்றாகச் சேர்த்து ஒரே நட்சத்திரமாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டவே முடியாது. ஒரு முனை எட்டாது, இழுத்துக் கட்டினால் எதிர்ப்பக்கம் கோணிக்கொள்ளும். ஒரு சாண் என்றுதானே சொன்னோம், எல்லாரும் ஒரு சாண்தானே கொண்டு வந்தோம், பிறகு ஏன்? கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் புரிந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பையனின் சாணும் முதல் வகுப்புக் குழந்தையின் சாணும் ஒன்றா? இப்போது ஸ்கேலை எடுத்து 15 செ.மீ. என்று சொல்லுங்கள். ஸ்கேல் எதற்கு இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. சுழியிலிருந்து அளக்காமல் 1லிருந்து அளக்கும் பிள்ளையின் குச்சியும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

தோரணம் சுலபம், பொங்கலுக்கு முந்தின வாரம் செய்யலாம். மூன்று மாவிலை, ஒரு சாமந்தி, மறுபடி மூன்று மாவிலை, ஒரு சாமந்தி. அரும்பு நிலைக்கு அடுத்து என்ன வரும் என்று சொன்னால் போதும். மற்றவர்களுக்கு இலை பறிக்கப் போகும் முன்பே கணக்கு வந்துவிட வேண்டும்: நம்மிடம் 12 பூ இருக்கிறது, எத்தனை இலை பறிக்கலாம்? 36க்கு மேல் பறித்தால் வீண், குறைந்தால் மறுபடி மரத்துக்கு நடை. நிஜமான மரம், நிஜமான நடை என்பதால் யாரும் குத்துமதிப்பாகச் சொல்லமாட்டார்கள்.

இப்போது கல்வியாண்டின் தொடக்கத்துக்குப் போவோம். ஆடியில் காற்று வீசும்போது காற்றாடி. இது பின்னத்துக்கு. நோட்டுத் தாள் நீள்சதுரம், காற்றாடிக்குச் சதுரம் வேண்டும். ஒரு மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சுகிற பட்டையைக் கிழித்தெடுத்தால் சதுரம் கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்று மூன்றாம் வகுப்பைக் கேளுங்கள். மூலைக்கு மூலை மடித்தால் அரை, இன்னொரு முறை மடித்தால் கால். பிரித்தால் நான்கு முக்கோணம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சமமா என்று பார்க்கட்டும். கால் கிலோ, அரை லிட்டர், முக்கால் மணி நேரம் எல்லாம் கடையிலும் வீட்டிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அதனால் 1/4 என்று எழுதிக் காட்டும்போது புதிதாகத் தெரியாது. இன்னும் ஒருமுறை மடித்தால் அரைக்கால், எட்டில் ஒன்று.

வெட்டுவது மூலையிலிருந்து நடுவை நோக்கி, பாதியைத் தாண்டி, ஆனால் நடுவைத் தொடாமல். நான்கு வெட்டுக்கு எட்டு நுனி கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கு நுனியை நடுவுக்குக் கொண்டு வந்து முள்ளால் குத்த வேண்டும். சோளத்தட்டை கிடைத்தால் அதில் முள் லேசாக இறங்கும். குத்துவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். மடிப்பு சமமாக இல்லாத காற்றாடி தள்ளாடித் தள்ளாடிச் சுற்றும், சமமாக மடித்தது விர்ரென்று போகும். திருத்தும் வேலையைக் காற்றே பார்த்துக்கொள்கிறது.

நவராத்திரி சமயத்தில் தீப்பெட்டிப் படி. கொலுவுக்கு 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில்தான் படி கட்டுவார்கள் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியும். 5 படி கட்ட எத்தனை தீப்பெட்டி? 1+2+3+4+5, ஆக 15. அதையே 7 படியாக்க இன்னும் எத்தனை வேண்டும்? 28 என்று மொத்தத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை இருக்கும், கேட்டது இன்னும் எத்தனை என்பதைத்தான், 13. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையில் பிள்ளைகள் எங்கே குழம்புகிறார்கள் என்பது இங்கே தெரிந்துவிடும். இதற்கு மேல் இதில் இழுக்க ஒன்றுமில்லை.

கார்த்திகைக்கு அகல் விளக்கு. குயவர் வீட்டுக் களிமண் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் குளத்து மண்ணைக் கல் நீக்கிப் பிசைந்துகொள்ளலாம். ஒரு பெரிய உருண்டையை இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக்கி, மறுபடியும் இரண்டாக்கினால் எட்டு. பங்கு சமமா என்று பார்க்க ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் கொட்டாங்குச்சியைக் கட்டி, நடுவில் கயிறு போட்டுத் தராசாகத் தொங்கவிடுங்கள். கனமான பக்கத்திலிருந்து துளித்துளியாகக் கிள்ளி எடுத்துச் சமன் செய்வதில் பிள்ளைகளுக்கு இருக்கும் பொறுமையைப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். காய்ந்த பிறகு 24 விளக்கை எத்தனை விதமாக வரிசை கட்டலாம் என்று கேளுங்கள். 4 வரிசையில் 6, 3 வரிசையில் 8, 2 வரிசையில் 12. ஐந்து வரிசை கட்டிப் பார்த்தால் நான்கு மிஞ்சும். வகுத்தல், மீதி என்ற பெயரெல்லாம் பிறகு வரட்டும். ஏற்றுகிற வேலை பெரியவர்களுடையது, வகுப்பில் வேண்டாம்.

மாசி, பங்குனியில் ஊரில் புளி உலுக்குவார்கள், கொட்டை மூட்டைக்கணக்கில் கிடைக்கும். முதல் வகுப்புக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது, ஆணிமணிச்சட்டம் உட்பட. கொட்டையைக் கழுவி, ஒரு பக்கத்தை மட்டும் கரடுமுரடான தரையில் வெள்ளையாகும் வரை தேய்க்க வேண்டும், தாயம் விளையாடத் தேய்ப்போமே, அதுபோல. தேய்த்த கொட்டை சூடாகும், சூட்டோடு பக்கத்துப் பிள்ளையின் கையில் வைப்பதும் நடக்கும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் வாயில் போடுகிற பிள்ளை, மூக்கில் போடுகிற பிள்ளை இருந்தாலும் கவனம்.

பத்துக் கொட்டை தேய்த்தாயிற்றா, கையில் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். வெள்ளை 6 விழுந்தால் கறுப்பு எத்தனை? எண்ணிச் சொல்லும், சரி. நாலைந்து முறை போட்ட பிறகு கறுப்பைக் கையால் மூடிக்கொண்டு, வெள்ளையை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 7ம் 3ம், 4ம் 6ம், 9ம் 1ம் என்று பத்தின் ஜோடிகள் எல்லாம் மனதில் ஏறிவிடும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல், விளையாட்டாக.

முட்டை அட்டை இங்கேதான் வருகிறது. 30 முட்டை அட்டையில் ஒரு பக்கம் 6 குழி, ஒரு பக்கம் 5 குழி. ஐந்து குழி வரிசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வெட்டினால் பத்துக் குழி கொண்ட மூன்று துண்டு. ஒரு துண்டில் 7 கொட்டை போட்டால், மூன்று குழி காலி என்பது பார்த்த உடனே தெரியும். 8+5 கொடுத்தால், இரண்டு துண்டை எடுத்து, ஐந்திலிருந்து இரண்டைத் தூக்கி எட்டுக்குப் போட்டு நிரப்பி, ஒரு பத்தும் மூன்றும் என்று சொல்வதற்குப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை, காலிக் குழியைப் பார்த்தால் கை தானாக நிரப்பும். பெரிய பிள்ளைகளுக்குத் தரையில் 7 குழி இரண்டு வரிசை வரைந்து பல்லாங்குழி. குழிக்கு 5 வீதம் எத்தனை கொட்டை எடுத்து வரவேண்டும் என்பது முதல் கேள்வி, 70. ஆடும்போது குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் 'உனக்கு எத்தனை பசு, அப்ப எத்தனை கொட்டை?' என்று கேட்டால் நாலாம் வாய்ப்பாடு ஓடும்.

ஏப்ரலில் நுங்கு. பனை இருக்கிற ஊர்க்காரர்கள் இதை விடக்கூடாது. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண், சிலதில் இரண்டு, அபூர்வமாக ஒன்று. பத்துக் காயை வெட்டும் முன் எத்தனை நுங்கு கிடைக்கும் என்று கேளுங்கள், மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தவர்கள் 30 என்பார்கள். வெட்டி எண்ணிப் பார்த்தால் 28 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு கண் காய் எத்தனை இருந்திருக்கும்? இரண்டு என்று சொல்லலாம். ஒற்றைக் கண் காய் ஒன்று மட்டும் இருந்தாலும் 28தான் வரும். ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடை வருவதைப் பாடப்புத்தகத்தில் அவ்வளவாகப் பார்க்க முடியாது, இங்கே காயைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்யவேண்டும். அரிவாள் வேலை பெரியவர்களுக்கு, நோண்டித் தின்னும் வேலை எல்லாருக்கும். தின்ற பிறகு காலிக் காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. பத்துக் காயில் எத்தனை வண்டி? 23 பிள்ளைக்கு ஆளுக்கொரு வண்டி என்றால் எத்தனை காய்? சின்னக் காயும் பெரிய காயும் ஜோடி சேர்ந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும், அதனால் ஒரே அளவுக் காயை நூலால் சுற்றி அளந்து பொறுக்குவார்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றிரண்டு. செய்து முடித்த கையோடு நோட்டில் எழுத வைத்துவிடுங்கள், படமும் அதற்குக் கீழே கணக்கும். மூன்று காற்றாடியில் எத்தனை முக்கோணம் என்று 4+4+4=12 எழுதும்போது பக்கத்தில் அந்தக் காற்றாடிகள் இருக்கவேண்டும், மறுநாள் எழுதினால் அது வெறும் கணக்காகிவிடும். பார்வையிட வருகிறவர்களுக்கும் நோட்டில் ஏதாவது இருந்தால்தான் திருப்தி, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வருகிறார்கள் என்று கோணல் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு நீங்களே ஒன்று கட்டித் தொங்கவிடாதீர்கள். கோணலானதற்கு அருகில், எந்தக் குச்சி எத்தனை செ.மீ. குறைகிறது என்று அந்தப் பிள்ளையே எழுதி ஒட்டட்டும்.

விடை சொன்ன பிள்ளையிடம் 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், சரியாகச் சொன்ன பிள்ளையிடமும். தப்பாகச் சொன்னவர்களிடம் மட்டும் கேட்டால் அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று புரிந்துகொண்டு விடையை மாற்றிவிடுவார்கள். ஒரு பீரியடில் ஒரு கைவேலைக்கு மேல் வேண்டாம், கோலத்துக்கு இரண்டு நாள்கூட ஆகலாம்.

புளியங்கொட்டையை மட்டும் பள்ளி மூடும் முன் நன்றாக வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஜூனில் திறக்கும்போது பாதி பூச்சி அரித்துக் கிடக்கும், அடுத்த கொட்டைக்கு மாசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.